புதுப்பிப்பு: சியரா நெவாடா பேல் ஏல் நகல், பாட்டில் திறந்தாயிற்று

சியரா நெவாடா பேல் ஏல் என்ற அமெரிக்க பீரை வீட்டிலேயே காய்ச்சப் போகிறேன், எந்த ஈஸ்ட் நல்லது, கேஸ்கேட் ஹாப்ஸை (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) எப்போது போடுவது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

20 லிட்டருக்கு நாலரை கிலோ பேல் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி), நிறத்துக்கும் இனிப்புக்கும் 350 கிராம் கேரமல் மால்ட். 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறல். ஹாப்ஸில், கசப்புக்கு மேக்னம் வகை, நடுவில் பெர்லே வகை, அடுப்பை அணைத்ததும் 40 கிராம் கேஸ்கேட். ஈஸ்ட், பலர் சொன்ன யூஎஸ்-05தான். நொதிக்கும்போது 19 டிகிரியைத் தாண்டவிடவில்லை. சாற்றின் அடர்த்தி (தண்ணீர் 1.000) 1.052-ல் தொடங்கி 1.011-ல் நின்றது, அதாவது ஆல்கஹால் சுமார் 5.4 சதவீதம். அசலில் 5.6.

இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தோம். கசப்பு அப்படியே வந்திருக்கிறது. நிறம் கொஞ்சம் கருப்பு, இனிப்பும் ஒரு பிடி தூக்கல். ஆனால் மணத்தில் என்னுடையதுதான் ஒசத்தி! பம்பளிமாஸ் தோலைக் கிள்ளியது மாதிரி தூக்கியடிக்கிறது. இதில் என் திறமை ஒன்றுமில்லை. ஹாப்ஸ் மணம் நாள்பட மங்கிவிடும், கடை பாட்டில் எப்படியும் பழசு.

அசல் பாட்டிலின் அடியில் தங்கும் ஈஸ்டையே வளர்த்துப் போடச் சொன்னவருக்கு: அதையும் செய்யத்தான் போகிறேன். (1980-இல் இந்த ஆலையைத் தொடங்கிய கென் கிராஸ்மேனே அதற்கு முன் கலிஃபோர்னியாவின் சிக்கோ ஊரில் வீட்டு பீர் சாமான் கடை வைத்திருந்தவர்தான்.) அப்புறம், கேரமல் மால்ட்டை 250 கிராமாகக் குறைத்து, தண்ணீரில் கொஞ்சம் ஜிப்சம் உப்பும் சேர்ப்பதாக இருக்கிறேன்.