ஜெரானியோல் ஒன்று, இன்ச்சி கீ இரண்டு: பட்டியல்கள் இணையவில்லை, உதவி தேவை

மைதோ_காற்று (சென் தெனி, ரியூனியன்)
வணக்கம். இங்கே மலைப்பக்கம் வடிக்கிற ஜெரேனியம் எண்ணெயை ஜிசி-எம்எஸ்ஸில் (சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காட்டும் கருவி) ஓட்டி, கிடைக்கும் சேர்மங்களை இன்ச்சி கீ (மூலக்கூறின் அமைப்பைக் குறிக்கும் எழுத்து அடையாளம்) வழியாக ஒரு பொதுப் பட்டியலோடு இணைக்கிறோம். அதில் ஜெரானியோல் என்ற சேர்மம் இணைய மறுக்கிறது. முதல் 14 எழுத்துகள் இரண்டிலும் ஒன்றே. அடுத்த பகுதி அங்கே 'ஜேஎக்ஸ்எம்ஆர்' என்று தொடங்குகிறது, எங்களிடம் 'யூஎச்எஃப்எஃப்எஃப்'. எங்கள் பட்டியலில் நெரோல் என்ற வேறொரு சேர்மத்துக்கும் அச்சு அசலாக அதே கீ! முதல் 14 எழுத்துகளை மட்டும் வைத்து இணைத்துவிடலாமா?

கரிமவேதி
வேண்டவே வேண்டாம். அந்த 14 எழுத்துகள் எந்த அணு எதோடு பிணைந்தது என்பதை மட்டுமே காட்டும். ஜெரானியோலும் நெரோலும் அதில் ஒன்றுதான், இரண்டுமே சி10எச்18ஓ. இரட்டைப் பிணைப்பில் ஒன்று ஈ வடிவம், மற்றது இசட் வடிவம். அந்த வேறுபாடு இரண்டாம் பகுதியில்தான் இருக்கிறது. 'யூஎச்எஃப்எஃப்எஃப்' வந்தாலே முப்பரிமாணத் தகவலும் ஐசோடோப்பும் தரப்படவில்லை என்று பொருள்.

உங்கள் கீகள் ஸ்மைல்ஸிலிருந்து (மூலக்கூறை ஒரே வரியில் எழுதும் முறை) உருவானவையா? அந்த வரியில் ஈ, இசட் வடிவத்தைக் காட்டும் சாய்கோடுகள் இருக்கின்றனவா பாருங்கள்.

மைதோ_காற்று
ஆமாம், ஸ்மைல்ஸ்தான். சாய்கோடு ஒன்றுகூட இல்லை. கீயிலிருந்தே மூலக்கூறைத் திரும்ப எடுக்க வழியுண்டா?

கரிமவேதி
இல்லை. கீ என்பது எஸ்எச்ஏ-256 என்ற ஒருவழிச் சுருக்கல் முறை வழியாகச் சுருக்கிய 27 எழுத்து அடையாளம். அதை விரிக்க முடியாது, தரவுத்தளத்தில் தேடத்தான் முடியும். தேடினாலும் உங்களுக்குக் கிடைப்பது வடிவம் குறிக்காத மூலக்கூறுதான்.

ஆய்வக_அண்ணன்
சிஏஎஸ் எண் (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உள்ள பதிவு எண்) நெடுவரிசை இருக்கிறதா தம்பி? ஜெரானியோல் 106-24-1, நெரோல் 106-25-2. அதை வைத்துச் சாய்கோடுள்ள ஸ்மைல்ஸை எடுத்து, கீயை மறுபடி உருவாக்குங்கள். நெரோலின் இரண்டாம் பகுதி 'ஒய்எஃப்எச்ஓ' என்று தொடங்க வேண்டும். அப்புறம் ஒரு முறை குரோமட்டோகிராமையும் பாருங்கள்: இந்த இரண்டின் நிறை நிறமாலையும் கிட்டத்தட்ட ஒன்றுபோலிருக்கும், வெளிவரும் நேரம்தான் பிரித்துச் சொல்லும். நெரோல் முதலில் வரும்.

மைதோ_காற்று
சிஏஎஸ் எண் இருந்தது, மிக்க நன்றி அண்ணா! இரண்டும் தனித்தனியாக இணைந்துவிட்டன. லினலூலும் சிட்ரோனெல்லோலும் இன்னும் 'யூஎச்எஃப்எஃப்எஃப்' என்றே நிற்கின்றன. அவற்றையும் மாற்றணுமா?

கரிமவேதி
அவற்றைத் தொடாதீர்கள். அவை ஒவ்வொன்றுக்கும் ஆர், எஸ் என்ற இரு ஆடிப்பிம்ப வடிவங்கள் உண்டு. அந்த இரண்டையும் பிரிக்கும் கைரல் தூண் இல்லாமல் ஓட்டியிருந்தால் எது என்று உங்கள் அளவீடு சொல்லாது. அளக்காததைக் கீயில் எழுதினால் அடுத்து வருபவர் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்வார். லினலூல், சிட்ரோனெல்லோல் இரண்டுக்கு மட்டும் முதல் 14 எழுத்துகளால் இணைத்து, பக்கத்தில் 'வடிவம் அளக்கவில்லை' என்று ஒரு நெடுவரிசை போடுங்கள்.