மினெஸ்ட்ரோனே (இத்தாலியக் காய்கறி சூப்) நீர்த்துப்போகாமல் வர: செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்

சோளமாவு கரைத்து ஊற்றாதீர்கள். கெட்டித்தன்மை பீன்ஸிலிருந்தும் உருளைக்கிழங்கிலிருந்தும்தான் வர வேண்டும். ஆறு பேருக்கு: காய்ந்த பொர்லோட்டி பீன்ஸ் 200 கிராம் (கிடைக்காவிட்டால் சித்ரா ராஜ்மா, ஒரே இனம்தான்), உருளை 250, முட்டைகோஸ் 200, சுக்கினி (வெள்ளரி போலிருக்கும் பூசணி வகை) 250, தக்காளி 200 கிராம், தண்ணீர் 2 லிட்டர். வெந்த பீன்ஸில் மூன்றில் ஒரு பங்கை மசித்துச் சேர்த்தால் போதும்.

—

அளவு சரி. ஆனால் ருசி முடிவாவது வதக்கலில். இத்தாலியர்கள் சோஃப்ரித்தோ என்பார்கள்: பெரிய வெங்காயம் 1, கேரட் 2, செலரி 2 தண்டு, எல்லாம் பொடியாக. ஆலிவ் எண்ணெய் 4 மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம். தாளிப்பு மாதிரி சட்டென்று முடிக்கிற வேலை இல்லை. வெங்காயம் கண்ணாடியாக வேண்டும், சிவக்கக் கூடாது. சிவந்தால் கருகல் வாசம் சூப் முழுக்க ஏறிவிடும்.

—

பீன்ஸ் வேகவே இல்லை என்பவர்கள் தக்காளியை எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். புளிப்பு இருந்தால் பீன்ஸ் மெதுவாகத்தான் மெத்தென்று ஆகும். கடினத் தண்ணீரும் அப்படித்தான், அதில் உள்ள கால்சியம் காரணம். பீன்ஸைத் தனியாகக் குழைய வேகவைத்துவிட்டு, பிறகு தக்காளியோடு சேருங்கள்.

ராஜ்மா என்றால் இரவெல்லாம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். குக்கர் நல்லது. ஸ்லோ குக்கரில் நேரே போடாதீர்கள்: அரைவேக்காட்டு ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் வாந்தி, பேதி வரவைக்கும். முதலில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதித்தாக வேண்டும்.

—

காய்களை ஒரே நேரத்தில் கொட்டுவதும் தப்பு. உருளையும் கோஸும் முதலில், சுக்கினி கடைசிக் கால் மணியில்.

—

பார்மிஜானோ சீஸின் தோலைத் தூக்கிப்போடாதீர்கள். வெளிப்பக்கத்தைச் சுரண்டிவிட்டு, ஐந்தாறு சென்டிமீட்டர் துண்டைச் சூப்போடு கொதிக்கவிட்டால் ருசி ஆழமாகும். அதிலேயே உப்பு இருப்பதால் கடைசியில் பார்த்து உப்பு போடுங்கள். சைவர்கள் கவனிக்க: அந்தச் சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் (பாலைத் திரிய வைக்கும் பொருள்) சேர்கிறது. அது வேண்டாதவர்கள் தோலை விட்டுவிடுங்கள், சூப் கெட்டுப்போகாது.

—

பாஸ்தாவா அரிசியா என்பது ஊரைப் பொறுத்தது. மிலானில் அரிசி, ஜெனோவாவில் சின்ன பாஸ்தா, இறக்கிய பிறகு பெஸ்தோ (பேசில் என்ற துளசி வகை இலையை அரைத்த விழுது). பெஸ்தோவைக் கொதிக்கவிட்டால் அந்த இலையின் பச்சை மணம் போய் நிறமும் மங்கும். சாப்பிடும்போது வெதுவெதுப்பாக இருந்தால்தான் அதன் வாசம் தெரியும், ஆவி பறக்கப் பரிமாறாதீர்கள்.

மிச்சம் வைப்பதாக இருந்தால் பாஸ்தாவைத் தனியே வேகவைத்து, கிண்ணத்தில் சேருங்கள். பானையிலேயே இருந்தால் மறுநாள் சாற்றை எல்லாம் குடித்துவிட்டுக் களியாகிவிடும்.