கதைக்கு உதவி வேணும்: பினாங்குல விமானம் கிளம்பும்போது ஒரு என்ஜின் போனா என்ன நடக்கும்?

மாலதி, பட்டர்வொர்த்:
எல்லாருக்கும் வணக்கம். தீபாவளி மலருக்கு ஒரு சிறுகதை எழுதிக்கிட்டிருக்கேன். கதாநாயகி பினாங்கு பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துலேருந்து கோலாலம்பூருக்கு போயிங் 737 விமானத்துல போறா. விமானம் தரையை விட்டு எழும்பின உடனே டமார்னு சத்தம், இடது என்ஜின்ல நெருப்பு. விளக்கெல்லாம் அணையுது, ஆக்சிஜன் முகமூடிகள் மேலேருந்து விழுது. கேப்டன் பதறியடிச்சு என்ஜினை நிறுத்தறார், எண்ணெயைக் கடல்ல கொட்டிட்டு ரெண்டே நிமிஷத்துல திரும்பி இறக்கிடறார். என் கொழுந்தன் படிச்சுட்டு "அண்ணி, படம் நல்லாருக்கு"ன்னு சிரிச்சிட்டுப் போயிட்டான். எங்க தப்புன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறான். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கிள்ளான் ரவி:
நீங்க எழுதினதுல விமானம் நடுங்கவே இல்லையே. 2017 ஜூன்ல ஆஸ்திரேலியா பெர்த்லேருந்து கேஎல்லுக்கு (கோலாலம்பூர்) கிளம்பின ஏர் ஏசியா எக்ஸ் விமானத்தோட வீடியோ பார்த்திருப்பீங்க. சீட்டெல்லாம் என்ன ஆட்டம்! அதைச் சேருங்க, வாசகர் அரண்டு போயிடுவாங்க.

சுபாங் கிழவன்:
மாலதிம்மா, நான் விமானம் ஓட்டினவன் இல்ல. சுபாங்ல விமானம் பழுதுபார்க்கற ஹேங்கர்ல என்ஜின் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பைலட் பயிற்சிக்கான சிமுலேட்டர்ல பின் சீட்டுல உட்கார்ந்து பைலட்டுங்க பாடுபடறதைப் பார்த்திருக்கேன். அந்த அளவுல சொல்றேன்.

முதல்ல முகமூடியைத் தூக்கிடுங்க. கேபின்ல காத்தழுத்தம் கிட்டத்தட்ட 14,000 அடி உயரத்துக்குச் சமமா குறைஞ்சாத்தான் அது விழும். பாயான் லெப்பாஸ் ஓடுபாதை மேல அது எதுக்கு விழணும்? விளக்கும் ஒரு தடவை கண் சிமிட்டும், அவ்வளவுதான். மத்த என்ஜின் ஜெனரேட்டர் கைகொடுக்கும். எண்ணெய் கொட்டற வசதி 737ல கிடையவே கிடையாது. இருந்தாலும் கேஎல் வரைக்கும் போறதுக்கு எவ்வளவு எண்ணெய் ஏத்தியிருப்பாங்க, கொட்டறதுக்கு!

அந்த டமார், நெருப்பு ரெண்டையும் வச்சுக்கலாம். ஆனா என்ன நடந்துச்சுன்னு நீங்க முடிவு பண்ணிக்கணும். பெரும்பாலும் அது சர்ஜ். காத்தை அழுத்தற கம்ப்ரஸர்ல காத்து ஓட்டம் தடுமாறி, அழுத்தின காத்து முன்பக்கமாவே திரும்பி வந்துடும், என்ஜின் ஏப்பம் விடற மாதிரி. பீரங்கிச் சத்தம் கேட்கும், பின்னால ஜ்வாலை அடிக்கும். சில நேரம் அதுவே சரியாகி ஓடும். பறவை போய் விழுந்தாலும் இப்படி நடக்கும். அப்படி வந்த என்ஜினை நான் திறந்திருக்கேன். என்ஜின் முன்னால சுத்தற ஃபேன் இலைகளோட முன் ஓரத்துல விரலை வச்சுத் தடவிட்டே வந்தா ஓர் இடத்துல சுருண்டிருக்கும். உள்ளே இறகு, ரத்தம், கருகின இறைச்சி வாடை. அப்புறம் போர்ஸ்கோப்பை, அதாவது மெல்லிசான குழாய் கேமராவை, உள்ளே விட்டு ஒவ்வொரு அடுக்கா பார்க்கணும். அந்த வாடை ஏசி வழியா கேபினுக்குள்ளயும் வரும். கதாநாயகிக்கு நெருப்பு தெரியறதுக்கு முன்னால மூக்குல ஏறட்டும். எந்தக் கதையிலயும் நான் இதைப் படிச்சதில்ல.

நிஜமாவே சிதறுறது வேற. 2016 அக்டோபர்ல சிகாகோவுல அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 767 ஓடுபாதையில ஓடும்போதே என்ஜினுக்குள்ள வேகமா சுத்தற டர்பைன் டிஸ்க் (கனமான உலோக வட்டு) உடைஞ்சுது. ஒரு துண்டு கிட்டத்தட்ட 900 மீட்டர் தள்ளி ஒரு கிடங்குக்குள்ள போய் விழுந்துச்சு. ஃபேன் இலை உடைஞ்சா என்ஜின் உறை தாங்கிக்கணும்னு விதி இருக்கு, டிஸ்க்கைத் தாங்க எந்த உறையாலயும் முடியாது. அன்னைக்கு விமானத்தை ஓடுபாதையிலேயே நிறுத்திட்டாங்க. இறக்கையில தீ பிடிச்சும் எல்லாரும் உயிரோட இறங்கினாங்க.

இனி கேப்டன். அவர் பதறவே கூடாது. 737 ஓடும்போது அவர் கை என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கற த்ரஸ்ட் லீவர் மேல இருக்கும். எடையைப் பொறுத்து 130, 140 நாட் வேகத்துல "வி ஒன்"னு குரல் வரும், உடனே கையை எடுத்துடுவார். அதுக்கப்புறம் நிறுத்த நினைச்சா ஓடுபாதை பத்தாது. கை அங்கேயே இருந்தா புத்தி நிறுத்தச் சொல்லும். உங்க கதையில என்ஜின் போறது தரையை விட்ட பிறகு. அப்போ மூக்கு இடது பக்கம் இழுக்கும், வலது காலால ரடர் (வால் துடுப்பு) பெடலை மிதிச்சுப் பிடிக்கணும். சக்கரத்தை உள்ளே இழுத்துட்டு 400 அடி வரைக்கும் வேற எதையும் தொடாம ஓட்டணும். நெருப்பு மணி அடிச்சாலும் மணியை நிறுத்திட்டு ஓட்டணும்.

அவசரப்பட்டா என்ன ஆகும்னு 2015 பிப்ரவரியில தைப்பேயில தெரிஞ்சுது. டிரான்ஸ் ஏசியாவோட ஏடிஆர் விமானம், ரெட்டை என்ஜின், ரெண்டாம் நம்பர் என்ஜின்ல கோளாறு. கேப்டன் நிறுத்தினது நல்லா ஓடின ஒண்ணாம் நம்பரை. விமானம் விழுந்து 58 பேர்ல 43 பேர் இறந்துட்டாங்க. இப்படி ஆகக்கூடாதுன்னுதான் லீவரைக் கையில பிடிச்சு, பக்கத்துல இருக்கறவர் "சரி"ன்னு சொன்ன பிறகே இழுப்பாங்க.

ரவி, பெர்த்ல நடந்தது மேல ஏறின பிறகு, கிளம்பும்போது இல்ல. ஃபேன் இலை உடைஞ்சு போச்சு. என்ஜினை நிறுத்தினாலும் எதிர்காத்து ஃபேனைச் சுத்திக்கிட்டே இருக்கும், அதான் திரும்பி வர்ற வரைக்கும் அந்த ஆட்டம். சர்ஜுக்கு அப்படி ஆடாது.

மாலதி, பட்டர்வொர்த்:
ஐயா, கோடி நன்றி. அப்போ விமானம் கீழே விழற மாதிரி ஒரு வரி எழுதியிருக்கேனே, அதையும் எடுத்துடணுமா?

கிள்ளான் ரவி:
அண்ணே, 2025ல அகமதாபாத்ல ஏர் இந்தியா விமானம் விழுந்துச்சே?

சுபாங் கிழவன்:
ரவி, அங்க போனது ரெண்டு என்ஜினும். எழும்பின சில விநாடியில ரெண்டு எரிபொருள் சுவிட்சும் ஒண்ணு பின்னால ஒண்ணா கட்-ஆஃப் நிலைக்குப் போச்சுன்னு 2025 ஜூலையில வந்த முதற்கட்ட அறிக்கை சொல்லுது. வாட்ஸப்ல பறவைன்னாங்க, ஃப்ளாப்னாங்க, இன்னும் என்னென்னவோ. இந்தக் கதையோட அதைக் கலக்காதீங்க.

மாலதிம்மா, எடுத்துடுங்க. ரெட்டை என்ஜின் விமானம் ஒரே என்ஜின்ல, சக்கரம் உள்ளே போன பிறகு, 100 மீட்டருக்கு 2.4 மீட்டராவது ஏறியாகணும். ஏறும், ஆனா சோம்பேறித்தனமா. வடகிழக்குப் பக்கமா கிளம்பியிருந்தா பினாங்குப் பாலத்துல போற காரெல்லாம் வழக்கத்தைவிடப் பெரிசா தெரியும். கதாநாயகி அடிக்கடி போய்வர்றவளா இருந்தா அதைப் பார்த்தே கண்டுபிடிச்சுடுவா.

அந்த ரெண்டு நிமிஷமும் வேண்டாம். நெருப்பு அணையலைன்னாத்தான் அவ்வளவு அவசரம். ஃபயர் ஹேண்டிலை இழுத்துத் திருப்பினா தீயணைக்கற முதல் பாட்டில் திறக்கும். 30 விநாடி பார்த்துட்டு அணையலைன்னா ரெண்டாவது. அணைஞ்சுட்டா மேல போய் செக்லிஸ்ட்டை நிதானமா படிச்சு முடிச்சுட்டுத்தான் திரும்புவாங்க. பினாங்குல மழை கொட்டினா நேரா கோலாலம்பூர் விமான நிலையம் கேஎல்ஐஏவுக்கே கொண்டு போனாலும் போவாங்க.

மாலதி, பட்டர்வொர்த்:
இறங்கினதும் புருஷன் ஓடிவந்து கட்டிப்பிடிக்கிற மாதிரி முடிச்சிருக்கேன்...

சுபாங் கிழவன்:
ஓடுபாதைக்குள்ள அவரை யார் விட்டாங்க? தீயணைப்பு வண்டி சுத்தி நிற்கும், பிரேக் சூடு அளப்பாங்க. ரொம்ப சூடானா சக்கரத்துல இருக்கற ஃப்யூஸ் பிளக் உருகி டயர் தானா காத்து இறங்கிடும். அப்புறம் இழுவை வண்டி வரணும். வருகைக் கூடத்துல காத்திருக்கச் சொல்லுங்க, ஒரு கோப்பி குடிச்சு முடிக்க நேரம் இருக்கும்.