இரண்டு புலங்களின் மதிப்பு ஒன்றுக்கொன்று மாறுபடும் ஆவணங்களை மோங்கோடிபியில் எடுப்பது எப்படி?

தோட்டத்துக் கிராணி (சுங்கை சிப்புட்):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் செம்பனைத் தோட்டத்திலிருந்து ஆலைக்குப் போகும் ஒவ்வொரு லோரி நடைக்கும் மோங்கோடிபி தரவுத்தளத்தில் ஓர் ஆவணம் பதிவாகிறது. அதில் ‘தோட்ட_எடை’, ‘ஆலை_எடை’ என இரண்டு புலங்கள் உள்ளன. இரண்டும் ஒத்துப்போகாத நடைகளை மட்டும் மாத இறுதியில் மேலாளரிடம் காட்ட வேண்டும். ஃபைண்ட் என்ற தேடல் வினவலில் ‘தோட்ட_எடை’க்கு $என்ஈ (சமமில்லை) கொடுத்து, அதன் மதிப்பாக மேற்கோளுக்குள் ‘$ஆலை_எடை’ என்று எழுதினேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் எடை சரியாக இருக்கும் நடைகள் உட்பட எல்லா ஆவணங்களும் வந்து நிற்கின்றன. காரணம் என்னவாக இருக்கும்? (கட்டளைகளை ஒலிப்புப்படி எழுதியிருக்கிறேன்.)

நிரலர் (ஈப்போ):
வணக்கம் ஐயா. ஃபைண்ட் வினவலில் $என்ஈ எப்போதும் ஒரு புலத்தை ஒரு நிலையான மதிப்போடுதான் ஒப்பிடும். நீங்கள் எழுதிய ‘$ஆலை_எடை’யை அது புலத்தின் பெயராகப் பார்க்காமல், அந்த எழுத்துகளால் ஆன வெறும் ஸ்ட்ரிங்காகவே எடுத்துக்கொள்கிறது. 12480 என்ற எண் அந்த ஸ்ட்ரிங்குக்கு ஒருநாளும் சமமாகாது என்பதால், எல்லா ஆவணங்களும் ‘சமமில்லை’ என்ற சோதனையில் தேறிவிடுகின்றன.

ஒரே ஆவணத்தின் இரண்டு புலங்களை ஒப்பிட, 2017இல் வந்த 3.6ஆம் பதிப்பு முதல் $எக்ஸ்பிர் இருக்கிறது. அதற்குள் $என்ஈ எழுதி, இரண்டு புலப் பெயர்களையும் டாலர் குறியோடு ஒரு அரேயில் (மதிப்புகளின் வரிசையில்) கொடுங்கள். அதற்கு முன் ஃபைண்டில் $வேர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் வழிதான் இருந்தது. ஒவ்வொரு ஆவணத்துக்கும் நிரலை ஓட்டிப் பார்ப்பதால் அது மிக மெதுவானது, இனி அதைத் தொட வேண்டாம். $எக்ஸ்பிரும்கூட இரண்டு புலங்களை ஒப்பிடும்போது இன்டெக்ஸைப் (விரைவாகத் தேட உதவும் அட்டவணையை) பயன்படுத்தாது. ஆகவே தேதிப் புலத்துக்கு இன்டெக்ஸ் போட்டு, மாதத்தின் தொடக்கமும் முடிவும் என்ற வரம்பை அதே வினவலில் சேர்த்துவிட்டால், அந்த மாதத்து நடைகளை மட்டும் அது புரட்டிப் பார்க்கும்.

தோட்டத்துக் கிராணி:
மிக்க நன்றி ஐயா, பட்டியல் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் இரண்டு சிக்கல்கள் உள்ளன. ஆலையின் நிறுவைச் சீட்டு இன்னும் வந்து சேராத நடைகளும் அதில் இருக்கின்றன. அதைவிட வியப்பானது, இரண்டு பக்கமும் 12480 என்றே காட்டும் சில நடைகளும் மாறுபட்டவையாக வந்திருக்கின்றன.

தரவுப் பணியாளர் (கூலிம்):
இரண்டாவது சிக்கலுக்கு விடை தரவு வகையில் இருக்கிறது. ஒரு பக்கத்தை யாரோ கைப்பேசிப் படிவத்தின் வழி பதிந்து, அது ஸ்ட்ரிங்காகச் சேமிக்கப்பட்டிருக்கும். எண்ணும் ஸ்ட்ரிங்கும் திரையில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் சமமாகா. முழு எண்ணாகச் சேமித்த 12480உம் டபுளாகச் (பின்னங்களையும் இரும முறையில் வைக்கும் எண் வகை) சேமித்த 12480உம் சமம்தான், அதில் கவலை இல்லை. ஆனால் எடையை டன்னில் 12.48 என்று ஒரு பக்கம் டபுளாகவும் மறுபக்கம் டெசிமல்128 (பதின்ம முறையில் வைக்கும் எண் வகை) ஆகவும் வைத்தால் அவை வேறு வேறு மதிப்புகள். ஏனெனில் டபுளால் 12.48ஐத் துல்லியமாக வைத்திருக்க முடியாது. எடையைக் கிலோவில் முழு எண்ணாக வைப்பதே நல்லது.

சீட்டு வராத நடைகளைப் பொறுத்தவரை, புலமே இல்லாததும் புலத்தில் நல் (மதிப்பு இல்லை என்ற குறி) இருப்பதும் $எக்ஸ்பிருக்குள் வெவ்வேறாகவே கருதப்படும். எனவே ஒரு பக்கம் எடை இருந்து மறுபக்கம் புலமே இல்லையென்றால் அந்த நடை பட்டியலில் வரும்; இரண்டு பக்கமும் புலம் இல்லையென்றால் அவை ‘சமம்’ ஆகி, நடை சத்தமில்லாமல் நழுவிவிடும். மேலாளர் கேட்க வேண்டியதே அந்த நடையைத்தான்! இரண்டு புலங்களுக்கும் $டைப் (தரவு வகைச் சோதனை) வழியாக ‘நம்பர்’ என்ற நிபந்தனையை $எக்ஸ்பிருக்கு வெளியே வைத்து, எண்ணாக உள்ளவற்றை மட்டும் ஒப்பிடுங்கள். விடுபட்டவற்றுக்குத் தனிப் பட்டியல் எடுங்கள்: ஃபைண்டில் ‘ஆலை_எடை’ நல் என்று கேட்டால், நல் உள்ளவையும் புலமே இல்லாதவையும் சேர்ந்தே வரும்.

பழைய ஆலைப் பணியாளர் (தெலுக் இந்தான்):
கணினி விவரத்தை நண்பர்கள் சொல்லிவிட்டார்கள்; தொழில் விவரம் ஒன்றைச் சேர்க்கிறேன். லோரியோடு நிறுக்கும் எடைமேடைகள் பொதுவாக 10 அல்லது 20 கிலோப் படிகளில்தான் எடை காட்டும். மழையில் நனைந்த குலை, வழியில் சிந்திய உதிரிப் பழம், ஓட்டுநர் நிரப்பிய டீசல் என எதுவும் ஒரு படியை நகர்த்திவிடும். கிலோவுக்குக் கிலோ ஒத்துப்போக வேண்டும் என்று கேட்டால் சரியான நடைகள் பலவும் மாறுபட்டவையாகவே வரும். $சப்ட்ராக்ட் (கழித்தல்), $ஏபிஎஸ் (கழித்தல் குறியை நீக்குதல்) கொண்டு வேறுபாட்டின் அளவை எடுத்து, அது உங்கள் தோட்டம் ஏற்கும் வரம்பைத் தாண்டுகிறதா என்று $ஜிடி (பெரிது) வழியாகக் கேளுங்கள்.

தரவுப் பணியாளர் (கூலிம்):
ஐயா சொல்வது முற்றிலும் சரி, ஆனால் இங்கே விடுபட்ட மதிப்பின் போக்கு தலைகீழாகிறது. ஒரு பக்கம் எடை இல்லாவிட்டால் கழித்தலின் விடை நல். நல் எந்த எண்ணையும் விடப் பெரிதல்ல. ஆகவே $என்ஈயில் வந்த நடை இதில் காணாமற்போகும். ஸ்ட்ரிங் இருந்தாலோ கழித்தல் பிழையில் முடிந்து வினவல் முழுவதும் நின்றுவிடும். நிபந்தனைகள் நாம் எழுதிய வரிசையிலேயே சோதிக்கப்படும் என்ற உறுதி இல்லாததால், $டைப் நிபந்தனையை மட்டும் நம்பாமல், 4.0ஆம் பதிப்பில் வந்த $கன்வெர்ட்டை (தரவு வகை மாற்றி) இரண்டு பக்கமும் பயன்படுத்தி, மாற்ற முடியாதவற்றுக்கு நல் என்று கொடுங்கள். ‘12,480’ என்று காற்புள்ளியோடு தட்டியவை அப்போது நல் ஆகிவிடும், பட்டியலில் வரா. $டைப்பில் ‘ஸ்ட்ரிங்’ என்று கேட்டு அவற்றைத் தனியாக எடுத்துத் திருத்திவிடுங்கள்.

நிரலர் (ஈப்போ):
மாதந்தோறும் இதே கேள்வி வரும் என்றால், சீட்டைப் பதியும்போதே வேறுபாட்டைக் கணக்கிட்டு ‘எடை_வேறுபாடு’ என்ற புலத்தில் வைத்துவிடலாம். 4.2 முதல் அப்டேட் கட்டளைக்குள்ளேயே பைப்லைன் (அடுத்தடுத்த கணக்கீட்டுப் படிகள்) எழுத முடிவதால், பழைய பதிவுகளையும் ஒரே கட்டளையில் நிரப்பலாம். அந்தப் புலத்துக்கு இன்டெக்ஸ் போட்டால் $எக்ஸ்பிரே தேவைப்படாது. பிறகு யாராவது ஓர் எடையைத் திருத்தினால் வேறுபாடும் அதே கட்டளையில் திருத்தப்பட வேண்டும். அதைப் பதிவுப் படிவத்தின் நிரலில் இப்போதே எழுதிவிடுங்கள்.