விசிட் விசாவில் ஓமான் வேலை: மாதர் சங்கத்தில் என்ன சொல்றது?

வாழைச்சேனையில் அரை மணித்தியாலக் கூட்டம், ஆட்கடத்தல் பற்றி. எதை முதலில் சொல்லலாம்?

பதில் 1: விசாவை. "விசிட்டில போங்க, அங்க மாத்தலாம்" எண்டு சப் ஏஜென்ட் சொன்னால் அதோட நிறுத்தோணும். அப்படிப் போனால் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவில்லை, காப்புறுதியுமில்லை. ஏஜென்சியின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டு பணியகத்தின் 1989 தொலைபேசி இலக்கத்துக்கு அடிச்சு உறுதிப்படுத்தச் சொல்லுங்க. பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு உத்தியோகத்தரும் இருக்கிறார்.

பதில் 2: முற்பணத்தை மறந்திடாதீங்க! ஏஜென்ட் வீட்டில காசைக் குடுத்திட்டால், பிறகு சந்தேகம் வந்தாலும் "திருப்பித் தா" எண்டு மிரட்டுவாங்க. கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம் மூண்டையும் படமெடுத்து வீட்டாருக்கு அனுப்பி வைக்கோணும். அங்க போனதும் கடவுச்சீட்டைப் பறிப்பாங்க.

பதில் 3: பெடியன்களையும் கூப்பிடுங்க. தாய்லாந்தில் கணினி வேலை எண்டு போன இலங்கையர் மியன்மாரில் இணைய மோசடி செய்ய வைக்கும் முகாம்களில் அடைபட்டாங்க. நல்ல சம்பளம், நேர்முகம் வட்ஸ்அப்பில மட்டும் எண்டால் சந்தேகப்படுங்க.