ஜெர்மனியில் மது இல்லாத உயர்ரகப் பானம்: முதலில் உணவகமா, கடையா?

ரைன்கரை:
இங்கிலாந்தில் உள்ள ஒரு சிறு தயாரிப்பாளரிடமிருந்து ஜெர்மனிக்கு இறக்குமதி செய்வது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். சரக்கு இரண்டு: மூலிகைகளைக் காய்ச்சி வடித்த, ஜின் சுவையுள்ள 70 சென்டிலிட்டர் பாட்டில் ஒன்று, அதையே டானிக்கோடு கலந்து அடைத்த 25 சென்டிலிட்டர் கேன் ஒன்று. பாட்டில் கடை விலை 24 யூரோ வரும். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளுக்குப் போகலாம் என்கிறார் என் தொழில் பங்காளி. உணவகங்களில்தான் தொடங்க வேண்டும் என்பது என் வாதம். கொலோனில் எட்டு வருடம் பரிமாறியவன் நான். கார் ஓட்டி வந்தவரும் கர்ப்பிணியும் மாலை முழுக்க ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்ததையே குடித்துவிட்டு எழுந்து போவார்கள். மேசையில் எல்லோர் கையிலும் தண்டு வைத்த கிளாஸ் இருக்கும், அவர்களுக்கு மட்டும் டம்ளர். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

எசன்_கடைக்காரர்:
தம்பி, உங்கள் அக்கறை புரிகிறது. கணக்குதான் உதைக்கிறது. கேனையே எடுங்கள். ஜெர்மனியில் கேனுக்கு 25 சென்ட் ஃபாண்ட், அதாவது காலியைத் திருப்பித் தந்தால் கிடைக்கும் வைப்புப் பணம், கட்டாயம். வெளிநாட்டுச் சரக்கு என்றால் அதை முதலில் வசூலிக்க வேண்டியவர் இறக்குமதியாளர், அதாவது நீங்கள். ஃபாண்ட் முறையை நடத்தும் டி.பி.ஜி. நிறுவனத்தின் குறியும் பதிவு செய்த பார்கோடும் கேனில் இருக்க வேண்டும். எனக்கு ஒருவர் குறி இல்லாத கேன்களைத் தள்ளிவிட்டார், நானும் கவனிக்காமல் அடுக்கினேன். காலிக் கேனோடு வந்த ஒரு பாட்டி அதை மெஷினில் வைத்தார். அது கேனை மூன்று முறை சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே தள்ளியது. பாட்டி என்னைத்தான் பார்த்தார். கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அந்தக் காசை எனக்குத் திருப்பித் தர யாரும் இல்லை.

பாட்டில் என்றாலும் தப்பிக்க முடியாது. சட்டம் அதைக் குளிர்பானமாகக் கருதினால், ஒருமுறை மட்டும் பயன்படும் கண்ணாடிக்கும் அதே 25 சென்ட்தான். எந்த வகையில் சேரும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பேக்கேஜிங்குக்கான லூசிட் பதிவேட்டில் பதியாமல் ஒரு பெட்டிகூட விற்கக் கூடாது.

அப்புறம் லேபிளில் ‘ஆல்கஹால் இல்லாத ஜின்’ என்று போடாதீர்கள். ஜின் என்றால் குறைந்தது 37.5 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும். மது இல்லாததை அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2025 நவம்பரில் சொல்லிவிட்டது.

ரைன்கரை:
பெயர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, தயாரிப்பாளரிடமும் சொல்லிவிட்டேன். பிரிட்டன் இப்போது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருப்பதால் இறக்குமதியாளர் முகவரியும் ஜெர்மன் மொழியில் சேர்மானப் பட்டியலும் எப்படியும் அச்சிட வேண்டும். பெயரையும் அதோடு மாற்றிவிடலாம். ஆனால் உங்கள் கதை கேனுக்கு எதிரான கதை, உணவகத்துக்கு எதிரானது இல்லையே அண்ணா. கடை அலமாரியில் 24 யூரோவைப் பார்ப்பவர், பக்கத்தில் அதே விலைக்கு உண்மையான ஜின் நிற்பதையும் பார்ப்பார். உணவகத்தில் அவர் பார்ப்பது ஒரு கிளாஸின் விலையை மட்டும்தான்.

மீனா_ஃபிராங்க்ஃபர்ட்:
ஒரு உணவகத்துக்குப் பானம் வாங்கும் பொறுப்பில் இருக்கிறேன். ரைன்கரை சொல்வதில் பாதிதான் சரி. 70 சென்டிலிட்டரில் கிளாஸுக்கு 5 சென்டிலிட்டர் ஊற்றினால் 14 கிளாஸ். 15 யூரோவுக்கு நீங்கள் தந்தால் கிளாஸுக்கு ஒரு யூரோ சொச்சம், எங்களுக்கு நல்ல லாபம். ஆனால் திறந்த ஜின் பாட்டில் வருடக்கணக்கில் நிற்கும், உங்களுடையது நிற்காது. கெடாமல் காக்கும் ஆல்கஹால் அதில் இல்லை. குளிர்பெட்டியில் வைத்தாலும் சில வாரம்தான். வாரத்துக்கு மூன்று கிளாஸ் போகும் இடத்தில் மிச்சத்தைத் தொட்டியில் ஊற்ற வேண்டியதுதான். எங்கள் குளிர்பெட்டிக் கதவில் அப்படி மங்கிப்போன ஒரு பாட்டில் இப்போதும் நிற்கிறது.

எசன்_கடைக்காரர்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். இன்னொன்று: பல உணவகங்கள் பீர் தயாரிக்கும் மதுவாலையோடு ஒப்பந்தத்தில் இருக்கின்றன. கடனும் உபகரணமும் தருவது மதுவாலை. பீரும், சில இடங்களில் குளிர்பானமும்கூட, அவர்கள் சொல்லும் மொத்த வியாபாரியிடம்தான் வாங்க வேண்டும். நீங்கள் பையில் பாட்டிலோடு போனால் முதலாளி ருசித்துப் பாராட்டுவார், வாங்க மாட்டார். மதுவைவிட மலிவாக ஒரு மதுவில்லாப் பானமாவது வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஆப்பிள் சாறு அங்கே வந்து உட்கார்ந்த கதை அதுதான்.

ரைன்கரை:
மலிவாக என்று சட்டம் சொல்லவில்லை அண்ணா, அங்கே விற்கும் மிக மலிவான மதுவின் அதே அளவைவிட விலை கூடக் கூடாது என்றுதான் சொல்கிறது. ஒன்றே ஒன்று அப்படி இருந்தால் போதும். இரண்டாவதாக வைக்கும் நல்ல பானத்துக்கு உரிய விலையைக் கேட்க எந்தத் தடையும் இல்லை.

மீனா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை, அதனால் திட்டத்தை மாற்றுகிறேன். முதல் ஆர்டரில் கேன் கிடையாது. 35 சென்டிலிட்டர் பாட்டில் கேட்கிறேன். ஒப்பந்தம் இல்லாத மூன்று உணவகங்கள் எனக்குத் தெரியும், மூன்றையும் முதலாளிகளே நடத்துகிறார்கள். அங்கே தொடங்குகிறேன். கடைக்குப் போவதில்லை என்பதில் மாற்றம் இல்லை.

எசன்_கடைக்காரர்:
35 என்றால் விலை பாதியாகும் என்று நினைக்காதீர்கள். பாட்டில், மூடி, லேபிள், அட்டைப்பெட்டி எதுவும் பாதி விலைக்கு வராது. அந்த விலையை வாங்கிக்கொண்டு வாருங்கள், மீனாவின் 5 சென்டிலிட்டரை அதில் போட்டுப் பார்ப்போம்.