தலீப் சிங் சௌந்த்: விவசாயியா, படிப்பாளியா?

நெய்தல்:
அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் வாக்குரிமையுள்ள உறுப்பினரான முதல் ஆசிய வம்சாவளியினர் தலீப் சிங் சௌந்த். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் 'விவசாயி' என்றே அறிமுகப்படுத்துகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. 1920-ல் பஞ்சாபிலிருந்து போனவர், 1924-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். அவரை ஜெயிக்க வைத்தது படிப்பும் பேச்சும்தான்.

நடவுக்காரன்:
அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு அவருக்கு என்ன வேலை கிடைத்தது நண்பரே? கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் பருத்தி எடுக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி வேலை. அப்புறம் அதே பள்ளத்தாக்கின் வெஸ்ட்மார்லாந்து ஊரில் லெட்யூஸ் கீரை, தீவனப்புல் என்று சாகுபடி. பாலைவன பூமி அது, கொலராடோ ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வந்தால்தான் பயிர். 1930-களில் விலை விழுந்து கடனில் மாட்டினார். திவால் மனு போட்டுத் தப்பித்திருக்கலாம். போடவில்லை, வருஷக்கணக்கில் உழைத்து அடைத்தார். நான் ஒருமுறை விலை ஏறும் என்று வெங்காயத்தைப் பட்டறையில் வைத்துவிட்டு, மேல் ஓலையை விலக்கியதும் அழுகல் நாற்றம் முகத்தில் அடிக்க நின்றவன். அந்தக் கடனை அடைத்த மனுஷனை விவசாயி இல்லை என்றால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

நெய்தல்:
கஷ்டத்தை மறுக்கவில்லை. ஆனால் 1956-ல் பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் நாடறிந்த விமானி ஜாக்குலின் காக்ரன். பயிர் செய்தவர் என்பதற்காகவா மக்கள் இவருக்கு ஓட்டுப் போட்டார்கள்?

வழக்காடி:
இரண்டு பேரும் நிலத்தை விட்டுவிட்டீர்கள். 1913-ன் கலிஃபோர்னியா சட்டப்படி, குடியுரிமைக்குத் தகுதியில்லாத அயல்நாட்டவர் விளைநிலம் வாங்க முடியாது. இந்தியர்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்று 1923-ல், குடியுரிமை கேட்ட பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, பாடுபட்ட மண்ணைத் தன் பேரில் எழுத அவருக்கு வழியில்லை. இந்தியர்களைத் திரட்டிக் குடியுரிமைக்காகப் போராடினார். 1946-ல் இந்தியர்களும் குடியுரிமை பெற வழிவிட்ட லூஸ்-செல்லர் சட்டம் வந்தது, 1949-ல் குடிமகனானார். 1950-ல் உள்ளூர் நீதிபதி தேர்தலில் ஜெயித்தும், குடியுரிமை பெற்று ஒரு வருஷம் ஆகவில்லை என்று பதவி தரவில்லை. 1952-ல் திரும்ப நின்று ஜெயித்தார். நெய்தல் அண்ணா, பேசக் கற்றது கல்லூரியில் இருக்கலாம். எதைப் பேசுவது என்பதை வயல்தான் கொடுத்தது.

நெய்தல்:
நிலச் சட்டத்தை நான் யோசிக்கவில்லை, ஏற்கிறேன். ஆனாலும் 'விவசாயி' என்று மட்டும் போட்டால், கணிதத்தில் முனைவரான ஒருவரைப் பருத்திக் காட்டுக்கு அனுப்பிய கதை மறைந்துபோகிறது. இரண்டையும் போடுங்கள்.

நடவுக்காரன்:
சரி, போடலாம். விவசாயி முதலில் வரட்டும்.